ஆசைப்பட்டு நைலுக்குப் போனவள்

மாலை முழுவதும் முதுகு சாயாமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் வாவிக்கரை இலக்கியப் பேரவையின் தலைவர், பெருமதிப்புக்குரிய அருமைநாயகம் ஐயா அவர்களே. பேரவையின் செயலாளர், நாவன்மை மிக்க முகைதீன்பாவா அவர்களே. மாலைகளின் பாரத்தால் கழுத்து வளைந்து மேடையில் வீற்றிருக்கும் ஆன்றோரே, சான்றோரே. மின்விசிறிகளின் கீழ் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் பெரியோரே. மின்விசிறியே இல்லாத பின்வரிசையில், பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு, பொறுமையையே பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டிருக்கும் என் தாய்மாரே, சகோதரிமாரே, உங்கள் அனைவருக்கும் இந்த யசோதினி டீச்சரின் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நன்றியுரை சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தப் பேரவையில் பெண்களுக்கென்று சில பணிகள் உண்டு. குத்துவிளக்கின் கடைசித் திரியை ஏற்றுவது. பொன்னாடைத் தட்டத்தை ஏந்தி வருவது. எல்லாரும் செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில் எழுந்து நன்றி சொல்வது. திரியும் ஏற்றிவிட்டேன், தட்டமும் ஏந்திவிட்டேன். நன்றிதான் பாக்கி. ஆனால் நன்றி சொல்வதற்கு முன் எதற்காக நன்றி என்று தெரிய வேண்டாமா? யாருக்கு நன்றி என்று தெளிய வேண்டாமா? தேநீர் ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஆறட்டும் ஐயா. இன்று ஆறாத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இன்று நாம் வெளியிட்டிருப்பது, விக்டோரியா மகாராணி காலத்தில் ஆபிரிக்காவுக்குப் போன எலினர் ஹாத்வே என்ற ஆங்கிலேய அம்மையார் எழுதிய பயண நூலின் தமிழாக்கம். வெளிநாட்டு நிறுவனமொன்று செலவு செய்தது. நமது பேரவை பெயர் போட்டுக்கொண்டது. அம்மையார்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதிரியாரான சிற்றப்பாவுக்குச் சமைத்துக் கொடுத்து, அவருடைய பிரசங்கங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்து, முப்பது வயதுவரை ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கிடந்தவர். சிற்றப்பா இறந்த மாதமே ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார். கறுப்புப் பாவாடை, ஒரு குடை, ஒரு தோற்பை. மேற்கு ஆபிரிக்காவின் ஆற்று முகத்துவாரங்களுக்குள் புகுந்தார். தோணியில் போனார், சேற்றில் நடந்தார், காய்ச்சலில் விழுந்து எழும்பினார். ஓர் ஊரில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, உனக்கு வீட்டில் வேலை இல்லையா என்று கேட்டார்களாம். எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றாராம் அம்மையார். அந்தப் பெண்கள் சிரித்துச் சிரித்து, அவருக்கு மீன் சுட்டுக் கொடுத்தார்களாம்.

அப்படிப்பட்டவர் ஊர் திரும்பினார். புவியியல் அறிஞர்கள் கூடிய சபை ஒன்று அவரை அழைத்தது. எதற்கு அழைத்தது? பேசவா? இல்லை. கேட்க. தாம் எழுதிய கட்டுரையைத் தாமே கேட்க. பெண் மேடையேறுவது சபைக்கு அழகல்ல என்று, தாடி வைத்த பெரியவர் ஒருவர் அதை எடுத்து வாசித்தார். அம்மையார் பூச்சாடிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். அவர் முங்கி எழும்பிய ஆறுகளின் பெயர்களை, தேம்ஸ் நதியைத் தவிர வேறொரு நதியையும் தாண்டாத அந்தத் தாடிக்காரர் தப்புத் தப்பாக உச்சரித்தார். சபை கைதட்டியது. யாருக்கு? தாடிக்கு.

சிரிக்கிறீர்கள். முன்வரிசையும் சிரிக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எவ்வளவு மடையனாய் இருந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சற்று முன் நமது தலைவர் அவர்கள் தம் தலைமையுரையில் கண்கலங்கிச் சொன்னார்: 'தன்னந்தனியே ஆபிரிக்கா சென்று, கண்டதை எழுதிய இப்படியொரு பெண், மீன்பாடும் நம் மட்டக்களப்பு மண்ணில் பிறக்கவில்லையே.' நானும் தட்டத்தை ஏந்தியபடி கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பிறக்கவில்லையா? பிறந்து, போய், பார்த்து, எழுதி, இதே மண்டபத்தின் படியேறி வந்து, இதே மேடையின் விளிம்பில் நின்ற ஒரு பெண்ணை, இந்தப் பேரவை திருப்பி அனுப்பியதே, ஐயா. ஆறு வருடத்துக்குள் மறந்துவிட்டதா? உங்களுக்கு மறந்திருக்கலாம். பின்வரிசைக்கு மறக்கவில்லை.

என்ன அக்கா? ஓம், அவவேதான். காத்தான்குடிக் கைறுன்னிஸா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கைறுன்னிஸா தொண்ணூறாம் ஆண்டு இனக் கொலைகளில் கணவரை இழந்தவர். எப்படி என்று இந்த ஊரில் நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இல்லை. சில வருடங்கள் கழித்து, ஜித்தா நகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். போன இடத்தில் வீட்டுக்காரரின் வயதான தாயைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை. அந்தத் தாய் சூடான் நாட்டுக்காரி. படுக்கையில் கிடந்தபடி, தாம் பிறந்த ஊரில் வெள்ளை நைலும் நீல நைலும் சந்திக்கிற இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். சாகும்முன் சொந்த நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால், மகன், தாயையும் கைறுன்னிஸாவையும் கப்பலில் ஏற்றி, செங்கடலுக்கு அப்பால் சூடானின் துறைமுக நகரத்தில் ஒரு வீட்டில் விட்டார். அங்கேயே அந்தத் தாய் கண்ணை மூடினார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்தது. வீட்டுக்காரர் கைறுன்னிஸாவின் கடவுச்சீட்டை அவர் கையில் கொடுத்து, அடுத்த கப்பலில் ஜித்தாவுக்கு வந்துவிடு, அங்கிருந்து ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல் வர இரண்டு கிழமை, பதினான்கு நாள், இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருப்பேன். கைறுன்னிஸா என்ன செய்தார்? அவருடைய வாயாலேயே கேட்டதைச் சொல்கிறேன்: 'ரெண்டு கிழம சும்மா கிடக்கு டீச்சர். வாசலுக்கு முன்னுக்கு லொறி ஏத்திறானுகள், உள்நாட்டுக்குப் போறதுக்கு. அந்த மனிசி அவ்வளவு சொல்லிச்சே, நாம போய் அத ஒருக்காப் பாத்தா என்ன என்டு நினைச்சன்.'

அவ்வளவுதான். துரத்தவில்லை யாரும். தொலைந்தும் போகவில்லை. பஞ்சம் இல்லை, பகை இல்லை. பார்க்க ஆசைப்பட்டார், போனார். ஆட்டுத்தோல் மூட்டைகளின்மேல் இருந்தபடி, பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, அட்பரா என்ற ஊரில் போய் இறங்கினார். அங்கே தெருவோரத்தில் தேநீர் விற்கும் ஹலீமா என்ற பெண்ணிடம் வழி கேட்டார். அவர் இருக்கச் சொன்னார். கைறுன்னிஸா இஞ்சியைத் தட்டிப்போட்டு நம்முடைய பிளேன்டீ ஒன்று ஊற்றிக் காட்டினார். ரயில்வே வேலையாட்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். இரண்டு கிழமை போனது, கப்பல் போனது, ஒரு வருடத்துக்குக் கிட்டவும் போனது. தூசுப் புயலில் கண் வீங்கிக் கிடந்தார். பொலிஸ்காரன் மறித்துப் புருஷன் எங்கே என்று கேட்டான். 'அவரு மவுத்து. நான் உயிரோட இரிக்கன். தேத்தண்ணி வேணுமா?' என்று கேட்டாராம். கடைசியில் ஹலீமாவின் உறவுக்காரப் பெண்களோடு தெற்கே போய், இரண்டு நைலும் சந்திக்கும் இடத்தைக் கண்டார். கண்டபின்தான் திரும்பினார். ஜித்தா வீட்டார் வாய் ஓயும்வரை ஏசி, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

எலினர் அம்மையாரிடம் குடை இருந்தது. கைறுன்னிஸாவிடம் அதுவும் இல்லை. அம்மையாருக்குப் பின்னால் ஒரு சாம்ராச்சியம் இருந்தது. கைறுன்னிஸாவுக்குப் பின்னால் ஆட்டுத்தோல் மூட்டைதான் இருந்தது.

ஊர் வந்தவர் சும்மா இருந்தாரா? கல்யாண வீடுகளில் சட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கதை சொன்னார். அந்தக் கதை, காத்தான்குடியில் 'கரைக்காற்று' என்ற மாத இதழை நடத்திவந்த, ஊருக்கே அண்ணனான பக்கீர் காக்காவின் காதுக்கு எட்டியது. அவர் போய், எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பத்தாம் வகுப்புவரை படித்த, வாசிப்பில் பசி உள்ள கைறுன்னிஸா எழுதினார். ஆனால் ஒரு நிபந்தனை. 'என்ட பேரப் போட்டீங்கென்டா வாசிக்க மாட்டானுகள் காக்கா. வாசலடிக்கு வந்து நியாயம் கேப்பானுகள்.' அதனால் 'நைல் பயணி' என்ற பெயரில் தொடர் வந்தது. போர்நிறுத்தச் சமாதான காலம் அது. பாதைகள் பாதி திறந்திருந்தன. மனங்கள் கால்வாசி திறந்திருந்தன.

மட்டக்களப்பே வாசித்தது. நமது பேரவையும் வாசித்தது. வாசித்துவிட்டு என்ன சொன்னது? இங்கே இருப்பவர்கள் பேசியதை நான் என் காதால் கேட்டேன். 'ஆண்மை ததும்பும் நடை' என்றார் ஒருவர். 'நெஞ்சுரம் உள்ள ஆண்மகனால்தான் இப்படி எழுத முடியும்' என்றார் மற்றொருவர். ஓய்வுபெற்ற பொறியியலாளராக இருக்கும் என்று துப்பறிந்தார் இன்னொருவர். ஆண்டின் சிறந்த பயண இலக்கியத்துக்கான பரிசு நைல் பயணிக்கே என்று பத்திரிகையில் அறிவித்தார்கள். யார் என்று பக்கீர் காக்காவிடம் கேட்டார்கள். 'விழாவுக்கு வருவாங்க, நீங்களே பாருங்க' என்றார் அவர். வருவாங்க என்றதை மரியாதைப் பன்மை என்று எண்ணிக்கொண்டது பேரவை. அறிஞர்கள் அல்லவா.

விழா நாள். இதே மண்டபம். நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் கறுப்பு அபாயா உடுத்த ஒரு பெண், மடியில் புல்லால் இழைத்த ஒரு பன்பையை வைத்துக்கொண்டு இருந்தார். மேடையில் இருந்து அழைத்தார்கள்: 'ஆபிரிக்கப் பாலையை அளந்த அடலேறு, நைல் பயணி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்.' பக்கத்தில் இருந்த பெண் பையை என்னிடம் தந்து, 'இதக் கொஞ்சம் பாத்துக்கங்க புள்ள' என்றார். எழுந்து நடந்தார். மேடைப் படியில் செயலாளர் முகைதீன்பாவா மறித்தார்.

'அவரு வரல்லியா?'

'ஆரு?'

'எழுதினவரு.'

'நான்தான் எழுதினன்.'

'இல்ல உம்மா, உங்கட மாப்பிள்ளையா, மகனா, எழுதின ஆளு எங்க?'

'எழுதின ஆளுதான் கதைக்கிறன்.'

தலைவர் அவர்கள் செயலாளரின் காதில் குனிந்தார். செயலாளர் மற்றொருவரின் காதில் குனிந்தார். மேடை முழுவதும் ஒருவர் காதை ஒருவர் தேடியது. பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: 'தவிர்க்க முடியாத காரணத்தால் பயண இலக்கியப் பரிசு ஒத்திவைக்கப்படுகிறது.' நான் எழுந்து, என்ன காரணம் என்று கேட்டேன். 'டீச்சர், இருங்க. இது பேரவைட விசயம்' என்றார் தலைவர். நினைவிருக்கிறதா ஐயா? தலையாட்ட வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கைறுன்னிஸா படியில் நின்றார். மேலே ஏறவும் இல்லை; ஏசவும் இல்லை. பொன்னாடைத் தட்டத்தோடு நின்ற பிள்ளையைப் பார்த்து, 'கை நோகுது போல, கீழ வை மனே' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். பையை வாங்கினார். போனார்.

பிறகு கூடியது விசாரணை. மஹ்ரமான, அதாவது நெருங்கிய உறவுக்கார ஆண் துணை இல்லாமல் போனவளைப் பாராட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டது ஒரு பக்கம். வீட்டு வேலைக்காரியைப் பக்கத்தில் இருத்தி எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டது மறு பக்கம். எந்தச் சந்தையிலும் எந்தச் சங்கத்திலும் ஒத்துப்போகாத தமிழரும் முஸ்லிம்களும், ஒரு பெண்ணைப் படியிறக்குவதில் மட்டும் தோளோடு தோள் நின்று ஒத்துப்போன அற்புதத்தை அன்று கண்டோம். இன நல்லிணக்கத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஒருவர் மட்டும் சற்று இரக்கத்தோடு பேசினாராம். 'கஷ்டப்பட்டு, ஏமாந்து, அழுது அலைஞ்சிருந்தாலும் பரவால்ல, கதையா எடுக்கலாம். ஆசைப்பட்டுப் போனனென்டு எழுதியிருக்காவே.' பக்கீர் காக்கா இதை எனக்குச் சொன்னபோது, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பெண் துன்பப்பட்டுப் போனால் கண்ணீர் விடுவார்கள். துரத்தப்பட்டுப் போனால் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். ஆசைப்பட்டுப் போனால்? அடித்த காற்றில் அந்தரிக்காமல், அழுத கண்ணோடு அலையாமல், தன் காலால், தன் கண்ணுக்காக, தன் களிப்புக்காகப் போனால்? அதை மட்டும் பொறுக்க இந்த மேடையின் மரத்துக்கு வலு இல்லை.

கடைசித் தீர்ப்பு என்ன தெரியுமா? அது பயண இலக்கியம் அல்லவாம், வேலைவாய்ப்பு அனுபவமாம். அந்த ஆண்டின் பரிசை, சுற்றுலாக் குழுவோடு சென்னைக்குப் போய், விடுதியில் இட்டலி மென்மையாக இருந்ததை ஒரு முழு அத்தியாயத்தில் வருணித்த நமது உறுப்பினர் ஒருவர் பெற்றுக்கொண்டார். அவரும் மேடையில்தான் இருக்கிறார். இட்டலியைக் கண்டுபிடித்தவருக்கு என் வாழ்த்துகள்.

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள் ஐயா. நன்றியுரைக்கு நேர எல்லை உங்கள் அழைப்பிதழில் இல்லை. இருங்கள், இது பின்வரிசையின் விஷயம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் கடல் வந்தது. நான் அதை வருணிக்கப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அதிலிருந்து எழுந்து வந்தவர்கள். வருணித்துப் பரிசு வாங்கியவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். முதல் கிழமைகளில் எந்த ஊர், எந்தச் சமயம் என்று பார்க்க நேரமிருக்கவில்லை. காத்தான்குடிப் பெண்களும் பக்கத்துக் கடற்கரைத் தமிழ்ப் பெண்களும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்தார்கள். நான் அங்கே உதவிக்குப் போயிருந்தேன். வீட்டை இழந்து வந்திருந்த கைறுன்னிஸா என்னை அடையாளம் கண்டார். 'பையப் பாத்த டீச்சரல்லவா' என்றார்.

அங்கே சீதேவிப்பிள்ளை என்ற பெண் இருந்தார். மகளையும் பேத்தியையும் ஒன்றாகப் பறிகொடுத்தவர். வந்த நாளிலிருந்து பேசவில்லை. வெள்ளை வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு மனநல நிபுணர்கள் வந்தார்கள். அவர்களும் ஒருவகையில் புதுநாடு கண்டுபிடிக்க வந்தவர்கள்தான். வர்ணப் பென்சில்களைக் கையில் கொடுத்து, மனதில் தோன்றுவதை வரையுங்கள் என்றார்கள். சீதேவிப்பிள்ளை பென்சில்களை அடுக்கி ஓரமாக வைத்தார். நிபுணர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு பின்னேரம், சோற்றுக்கு வரிசை தொடங்குவதற்கு முன், இரண்டு மூன்று பெண்கள் கைறுன்னிஸாவை அக்கா முறை சொல்லிக் கேட்டார்கள், ராத்தா, அந்த ஊர்க் கதையைச் சொல்லுங்கள் என்று. அவர் லொறியில் பாலைவனத்தைக் கடந்ததைச் சொல்லத் தொடங்கினார். திடீரென்று பின்னால் இருந்து ஒரு குரல். கரகரத்த குரல். நாங்கள் அதுவரை கேட்டிராத குரல்.

'அங்க கடல் இல்லியா?'

எல்லாரும் திரும்பினோம். சீதேவிப்பிள்ளை.

'இல்ல புள்ள' என்றார் கைறுன்னிஸா. 'கண்ணுக்கெட்டின தூரம் மணல்தான்.'

'ஆறு, குளம்?'

'ஒண்டுமில்ல. லொறியில ரெண்டு பகல் போனம். ஒரு சொட்டுத் தண்ணியக் காணல்ல. பீப்பாவில கொண்டுபோனதத்தான் குடிச்சம்.'

சீதேவிப்பிள்ளை முன்னுக்கு நகர்ந்து வந்தார். பிறகு சொன்னார்: 'அப்ப அதச் சொல்லுங்க. அந்த ரெண்டு பகலையும் சொல்லுங்க.'

சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் தண்ணீரைக் கண்டு பயந்தவர்கள். குழாயடிக்குப் போகப் பயந்தவர்கள். அவர்கள் எல்லாரும் அன்று பின்னேரம் தண்ணீரே இல்லாத ஓர் உலகத்தில், ஆட்டுத்தோல் மூட்டைமேல் ஏறி இருந்துகொண்டு போனார்கள். சோற்று வரிசைக்கு மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. மறுநாளும் அதே பாலைவனத்தைக் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும். ஒரு பெண், தன் பிள்ளைக்குத் தலை வாரியபடி கேட்டார். இன்னொருவர் கீரை ஆய்ந்தபடி கேட்டார். அவர்களுடைய கைகளுக்கு வேலை திரும்பி வந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

ஆற்றின் கதையைக் கைறுன்னிஸா சொல்லவே இல்லை; அது தண்ணீர்க் கதை. கேட்டவர் சீதேவிப்பிள்ளைதான். மாதம் ஒன்று கழிந்திருக்கும். 'ராத்தா, அந்த ரெண்டு ஆறும் சேர்ற இடத்துக்குப் போய்ச் சேந்தீங்களே, அதச் சொல்லுங்க.'

'கேப்பியா புள்ள?'

'கேக்கிறன்.'

கைறுன்னிஸா சொன்னார்: 'ஒரே ஆத்துக்குள்ள ரெண்டு தண்ணி போகுது. இங்கால கலங்கல், அங்கால தெளிவு. ஆரோ கோடு போட்டாப்போல, ஒண்டையொண்டு தொடாமப் போகுது. நான் கரையால நடந்து நடந்து பாத்தன், எந்த இடத்தில கலக்குதென்டு. கொஞ்சத் தூரத்தில பாத்தா ஒரே ஆறுதான். எங்க கலந்திச்சென்டு என்னால சொல்ல ஒண்ணா.'

சீதேவிப்பிள்ளை அழுதார். கடல் வந்த நாளிலிருந்து அன்றுதான் அழுதார். கைறுன்னிஸா அவருடைய தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். தொண்ணூறில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். அதன்பிறகு யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதும் தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை.

பேரவையோரே, உங்களிடம் ஒரு கேள்வி. இலக்கியம் எதற்கு என்று வருடத்துக்கு இரண்டு தடவை கருத்தரங்கு வைக்கிறீர்கள். அந்தப் பின்னேரத்தில் நடந்ததற்கு என்ன பெயர்? வேலைவாய்ப்பு அனுபவமா?

பிறகு அகதி முகாம் கலைந்தது. சண்டை மறுபடி மூண்டது. முதலில் இங்கே ஓய்ந்தது, போன வருடம் வடக்கிலும் ஓய்ந்தது. எப்படி ஓய்ந்தது என்று பேச இந்த மேடைக்குத் துணிவில்லை. இன்று எனக்கும் அது பேச்சல்ல. பாதை திறந்த கையோடு சீதேவிப்பிள்ளை காத்தான்குடிக்கு வந்து நின்றாராம். கரடியனாற்றில் அவருடைய தமக்கை இருக்கிறார். இருக்கிறாரா என்றே தெரியாது. வருடக்கணக்காக வாவியைக் கடந்து அப்பால் போக வழியில்லை. தனியாகப் போகப் பயம். 'துணைக்கு வாங்க ராத்தா' என்று கேட்டிருக்கிறார். நைலைக் கண்ட கைறுன்னிஸா, நம்முடைய வாவிக்கு மேற்கே இருக்கும் வயல் வட்டைகளையும் ஊர்களையும் அதுவரை கண்டதில்லை. போர் அவரை விடவில்லை. இருவரும் செங்கலடிச் சந்தியில் பஸ் மாறிப் போனார்கள். சோதனைச் சாவடியில், ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு முஸ்லிம் பெண்ணும் சேர்ந்து எங்கே போகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். அக்காவைப் பார்க்க என்றார்களாம். யாருடைய அக்கா என்றார்களாம். 'எங்கட அக்கா' என்றாராம் கைறுன்னிஸா. தமக்கை உயிரோடு இருந்தார். குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தார். ஒரு கிழமை இருந்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் நிற்கவில்லை. பாணமைக்குப் போனார்கள். திருகோணமலைக்குப் போனார்கள். பிள்ளைகளின் உடுப்புத் தைத்து விற்கிறார்கள். பஸ் காசு சேர்ந்ததும் தையல் மெஷினை மூடிவிட்டுப் போகிறார்கள்.

இன்றைய விழாவுக்கு அவரை அழைத்துவர வேண்டும் என்று நேற்று நான் காத்தான்குடிக்குப் போனேன். மேடையில் ஏற்ற அல்ல; அந்த உரிமை எனக்கு இல்லை. எலினர் அம்மையாரின் புத்தகத்தில் ஒரு பிரதி கொடுக்க. கதவு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டு ஸைனம்பு எட்டிப் பார்த்தார்.

'அவங்க ரெண்டு பேரும் முந்தாநாள் பஸ் ஏறிட்டாங்க டீச்சர். மன்னாருக்கு.'

'மன்னாரில யார் இருக்காங்க?'

'ஒருத்தரும் இல்ல. அங்க பெருக்கமரம் என்டு ஒண்டு இரிக்காம். அந்தக் காலத்தில அரபிக்காரன் ஆபிரிக்காவில இருந்து கொண்டாந்து நட்டதாம். ராத்தா அங்க போயிருந்த நேரம் அந்த மரத்தப் பாக்கக் கிடைக்கல்லியாம். இங்கயாச்சும் பாத்துட்டு வாறன் என்டாங்க.'

'எப்ப வருவாங்க?'

'அத ஆரு கண்டா. பாத்து முடிஞ்சா வருவாங்க.'

ஆகவே என் அன்புத் தலைவர் அவர்களே, இப்படியொரு பெண் இந்த மண்ணில் பிறக்கவில்லையே என்று நீங்கள் இந்த மேடையில் கண்கலங்கிய அதே நேரத்தில், மன்னாரில் ஒரு மரத்தைச் சுற்றி இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் கொடுக்காத பரிசு அவர்களுக்குக் குறையவில்லை. நீங்கள் அணிவிக்காத பொன்னாடையால் அவர்களுக்குக் குளிரவில்லை. நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன, நம்மோடு ஒருபோதும் பேசப்போகாத, நமக்குச் சொந்தமில்லாத ஓர் அம்மையாரைப் பாராட்டுவது எளிது. அவர் படியேறி வரமாட்டார். 'நான்தான் எழுதினன்' என்று சொல்லமாட்டார். செத்த பெண்ணின் துணிச்சலைப் போற்றி, உயிருள்ள பெண்ணின் துணிச்சலைத் தூற்றும் பேரவைக்குப் பேரவை என்ற பெயர் எதற்கு? செத்ததை வைத்துப் பூட்டும் பெட்டகம் என்று வையுங்கள்.

பின்வரிசைத் தாய்மாரே, கைதட்ட வேண்டாம், பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். உங்களைப் போகச் சொல்லி யாரும் அழைப்பிதழ் அடிக்க மாட்டார்கள். போய் வந்தால் யாரும் மாலையோடு நிற்க மாட்டார்கள். கஷ்டம் வந்தால்தான் வாசலைத் தாண்டலாம் என்று எந்தக் கடவுளும் சொல்லவில்லை. பார்க்க ஒரு விருப்பம் வந்தால், அது ஒன்றே போதிய காரணம்.

இனி என் கடமை. திரி ஏற்ற அனுமதித்த பேரவைக்கு நன்றி. தட்டம் ஏந்த அனுமதித்ததற்கும் நன்றி. எலினர் அம்மையாருக்கு மீன் சுட்டுக் கொடுத்த, அவருடைய புத்தகத்தில் பெயர் வராத அந்த ஆபிரிக்கப் பெண்களுக்கு நன்றி. தெருவோரத்தில் இருக்க இடம் கொடுத்த ஹலீமாவுக்கு நன்றி. பெருக்கமரத்தடியில் நிற்கும் இருவரும் பார்த்துக் களைத்துப் பத்திரமாக வந்து சேரட்டும். உங்கள் எல்லாருக்கும் இந்த மாலை வணக்கம். ஸலாம். வெளியே தேநீர் ஆறிப்போய்த்தான் இருக்கும். வேறு ஊற்றித் தரப் பெண்கள் யாரும் எழும்பப் போவதில்லை.